மிச்சம் பிடித்த காசு எங்கே?

நெற்றியில் சாம்பல் பூசியாயிற்று. வெள்ளிக்கிழமைச் சிலுவைப் பாதைக்குக் கூட்டமும் குறைவில்லை. கறிக்கடைப் பக்கம் யாரும் தலைகாட்டுவதில்லை. காவி உடுத்தி வேளாங்கண்ணிக்கு நடக்கிறவர்கள் பையைத் தூக்கிவிட்டார்கள். எல்லாம் சரி. ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள்: ஒருசந்தி இருந்து மிச்சம் பிடித்த காசு எங்கே போயிற்று?

இது இன்றைக்கு முளைத்த கேள்வி இல்லை. இரண்டாம் நூற்றாண்டில் ரோமாபுரியில் எழுதப்பட்ட 'ஹெர்மாஸின் மேய்ப்பர்' என்னும் நூல் நோன்புக்குக் கணக்கே போட்டுக் கொடுத்திருக்கிறது. நோன்பு நாளில் அப்பமும் தண்ணீரும் போதும். வழக்கம்போலச் சாப்பிட்டிருந்தால் என்ன செலவாகியிருக்குமோ அதைக் கணக்கிட்டு, கைம்பெண்ணுக்கோ அநாதைக்கோ இல்லாதவருக்கோ கொடுத்துவிட வேண்டும். வயிற்றில் குறைத்தது இன்னொரு வயிற்றுக்குப் போய்ச் சேரவில்லை என்றால் அது நோன்புக் கணக்கில் வராது. வீட்டுச் செலவில் சிக்கனம், அவ்வளவுதான்.

திருச்சபைச் சட்டம் நம்மிடம் கேட்பது மிகக் கொஞ்சம். 18 வயது நிறைந்தவர்கள் 59 வயது நிறையும் வரை, திருநீற்றுப் புதன், பெரிய வெள்ளி ஆகிய இரண்டே நாள் ஒருவேளை முழுச் சாப்பாட்டோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். 14 வயது நிறைந்தவர்கள் அந்தப் புதனன்றும் தவக்கால வெள்ளிகளிலும் இறைச்சி தொடக்கூடாது. நோயாளிகள், கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார் இதற்காக உடம்பைக் கெடுத்துக்கொள்ளத் தேவையில்லை. சர்க்கரை நோய்க்கு ஊசி போட்டுக்கொண்டு வெறும் வயிற்றோடு முழங்காலில் நிற்பதை வீம்பு என்றுதான் சொல்வேன்.

இவ்வளவு லேசான சட்டத்திலும் நாம் சந்து கண்டுபிடித்துவிட்டோம். வெள்ளிக்கிழமை காலை மீன் மார்க்கெட்டில் போய் நின்று பாருங்கள். ஆட்டுக்கறி கூடாதே என்று கிலோ கணக்கில் வஞ்சிரம் வாங்குகிறோம்; மசாலா தடவி ஊறவைத்து, வறுவலும் குழம்புமாக இறக்கிவைத்து, மறக்காமல் சிலுவை அடையாளம் போட்டுவிட்டு உட்காருகிறோம். சட்டம் மீறப்படவில்லைதான். அந்த அடுப்படியில் காலையிலிருந்து வியர்த்து நின்றவர், தானும் அன்று ஒருசந்தி இருக்கும் வீட்டு அம்மா என்பதை எத்தனை பேர் கவனித்தோம்?

கி.பி. 387-இல் அந்தியோக்கியா நகரம் தவக்காலத்தை நடுங்கிக்கொண்டே கழித்தது. புதிய வரி ஒன்றை எதிர்த்துக் கலகம் செய்தவர்கள் பேரரசர் தெயொதோசியுவின் சிலைகளையும் அவர் குடும்பத்தார் சிலைகளையும் இழுத்துத் தள்ளி உடைத்துவிட்டார்கள். படை வந்து ஊரையே அழித்துவிடும் என்ற பயம். முதிர்ந்த வயதில் ஆயர் பிளவியான் மன்னிப்புக் கேட்கத் தலைநகர் கான்ஸ்டான்டிநோபிளுக்குப் புறப்பட்டுப் போக, கோவிலில் பிரசங்கம் வைத்தவர் பொன்வாய் யோவான் என்று பின்னாளில் பெயர்பெற்ற குரு. உயிருக்குப் பயந்து கூடியிருந்தவர்களுக்கு ஆறுதல் சொன்னதோடு அவர் விட்டுவிடவில்லை. வாய் மட்டும் பட்டினி கிடந்தால் ஆயிற்றா, கண்ணும் காதும் கையும் நோன்பு இருக்க வேண்டாமா என்று கேட்டார். கோழியையும் மீனையும் விலக்கிவிட்டுப் புறணி பேசிச் சகோதரரைக் கடித்துத் தின்கிறீர்களே என்று அதட்டினார். தலைக்குமேல் கத்தி தொங்கும்போதும் அடுத்தவரைப் பற்றி வம்பு பேசுவதை மனிதர் விடுவதில்லை என்று அவருக்குத் தெரிந்திருந்தது! ஈஸ்டருக்குள் பேரரசரின் மன்னிப்பு கிடைத்துவிட்டது.

பின் எதற்குத்தான் பசித்திருப்பது? பதினோரு மணி டீயை ஒருநாள் நிறுத்திப் பாருங்கள். அரைமணி நேரத்தில் பிள்ளைகள்மேல் எரிந்து விழுகிறோம். ஆபீஸில் கீழே வேலை பார்ப்பவர்மேல் பாய்கிறோம். நம்மை இத்தனை நாள் ஆண்டது யார் என்று அப்போது தெரிந்துவிடும். ஒரு டம்ளர் டீக்கு அடிமையாக இருந்தவன் கடவுளுக்கு ஊழியன் என்று சொல்லிக்கொண்டிருந்திருக்கிறான். அந்தக் கசப்பான உண்மையை விழுங்கவைப்பதுதான் நோன்பின் முதல் வேலை.

இரண்டாவது வேலையை ஆண்டவரே செய்து காட்டினார். பாலைநிலத்தில் நாற்பது நாள் பசித்திருந்தவருக்கு வந்த முதல் சோதனையே அப்பம். கல்லை அப்பமாக்கச் சொன்னபோது மறுத்துவிட்டார். அதே கை பிறகு ஆள் நடமாட்டமில்லாத இடத்தில் ஐந்து அப்பத்தை எடுத்து ஐயாயிரம் பேருக்குமேல் பசியாற்றியது. தன் பசிக்கு இல்லை. ஊரார் பசிக்கு உண்டு. அவரைப் பின்செல்கிற நாம் இதைத் தலைகீழாக்கி வைத்திருக்கிறோம்.

ஏசாயா நூலின் 58-ஆம் அதிகாரத்தை இன்றிரவே எடுத்து வாசியுங்கள். நோன்பு நாளிலேயே வேலையாட்களைக் கசக்கிப் பிழிபவர்களைப் பார்த்துக் கடவுள் எரிச்சலோடு பேசுகிற பகுதி அது. பாத்திரம் தேய்க்க வரும் அக்காவின் பாதிச் சம்பளம் நம் பீரோவில் இருக்கிறதா? கொத்தனாருக்கு அடுத்த வாரம், அடுத்த வாரம் என்று இழுக்கிறோமா? பங்கில் கஞ்சி காய்ச்சி ஊற்ற நன்கொடை எழுதும் கையால் முதலில் அந்தப் பாக்கியைத் தீருங்கள். அது தர்மம் ஆகாது, கடன். மிச்சம் பிடித்த காசைத் தர்மத்துக்குத் தனியாக எடுத்து வையுங்கள். வரப்புத் தகராறில் பேச்சை நிறுத்திவிட்ட அண்ணனுக்கோ தம்பிக்கோ நீங்களே முதலில் போன் செய்யுங்கள். உயிர்ப்பு ஞாயிறு வரட்டும் என்று தள்ளிப்போடாதீர்கள்.

இந்த வெள்ளிக்கிழமை சிலுவைப் பாதைக்குப் புறப்படும் முன் இதை முடியுங்கள். நேரமாகி, முதல் நிலையை விட்டு நான்காம் நிலையில் வந்து சேர்ந்துகொண்டாலும் தப்பில்லை.