உத்தராயணமும் ஸங்கல்ப வாக்கும்

சென்ற மார்கழி மாதக் கடைசியில் ஒரு நாள், ஸந்நிதியில் ஸங்கல்பம் முடிந்ததும், கைங்கர்யம் பழகிவரும் பாலகன் ஒருவன் அடியேனிடம் வினவினான்: "ஸ்வாமி, இப்போது 'தக்ஷிணாயநே' என்று சொன்னீர்களே, சூரியன் டிசம்பர் 22-ஆம் தேதியை ஒட்டியே வடக்கே திரும்பிவிடுகிறான் என்று எங்கள் பாடப் புத்தகம் சொல்கிறது. பெருமாள் முன்னிலையில் மெய்யல்லாததைச் சொல்லலாமா?"

சிறுபிள்ளைக் கேள்வி என்று தள்ள மனம் ஒப்பவில்லை. அவன் சொன்ன கணக்கு சரியே. அன்று சூரியன் திரும்பி மூன்று வாரத்திற்கு மேலாகியிருந்தது.

இந்த வேறுபாடு நேர்ந்த விதம் அறியத்தக்கது. பூமி பூரணமான உருண்டை அன்று; நடுவே சற்றுப் பருத்தது. துருவங்களினூடே அளந்த விட்டத்தைக் காட்டிலும் நடுவிட்டம் சுமார் 43 கிலோமீட்டர் அதிகம். அப்பருத்த பாகத்தைச் சந்திர சூரியர்கள் இழுப்பதால், தலைசாய்ந்து சுழலும் பம்பரம் போல், பூமியின் அச்சு சுமார் 26,000 ஆண்டுகளுக்கு ஒரு முறை வட்டமிடுகிறது. மாசி மகப் பௌர்ணமியில் கடலைப் பொங்கச் செய்வதும் இதே இழுப்புத்தான். கடலில் அதன் பலன் ஆறு மணி நேரத்தில் தெரிந்துவிடுகிறது. அச்சு ஒரு பாகை நகரவோ ஏறக்குறைய 72 ஆண்டுகள் வேண்டும். இரண்டிலும் சுமார் மூன்றில் இரண்டு பங்கு சந்திரனுடையது. சூரியன் மிகப் பெரியவனாயினும் தொலைவிலிருப்பவன் அல்லவா?

ருதுக்கள் அச்சின் சாய்வைப் பற்றி வருபவை; நம் மாதங்களோ நக்ஷத்திரங்களை வைத்து எண்ணப்படுபவை. சுமார் 1,700 ஆண்டுகளுக்கு முன் சூரியன் திரும்பும் நாளும் மகர ப்ரவேசமும் ஒன்றாயிருந்தன. இன்று இடைவெளி 24 நாட்களாகிவிட்டது. தேவர்களுக்கு உஷத்காலம் என்று நாம் கொண்டாடும் மார்கழியில், ஆறேழு தேதிக்குள்ளாகவே அவர்களுக்குப் பொழுது விடிந்துவிடுகிறது!

முதலில் அடியேன் வ்யாகரணத்தில் புகலிடம் தேடினேன். பங்கஜம் என்றால் சேற்றில் பிறந்தது என்பது பொருள். ஆயினும் சேற்றில் பிறந்த அனைத்தையும் அப்பெயரால் அழைப்பதில்லை. அதுபோல் தக்ஷிணாயனம் என்பதும் ஆடி முதல் மார்கழி வரையுள்ள ஆறு மாதங்களுக்கு ரூடிப் பெயர் என்று சொல்லிவிடலாம். அவனுக்கும் அப்படியே சொன்னேன். சொன்ன பிறகு எனக்கே திருப்தியில்லை. திதியை நாம் ரூடியாகக் கொள்வதுண்டோ? சூரியனுக்கும் சந்திரனுக்கும் உள்ள இடைவெளி பன்னிரண்டு பாகை கூடினால்தான் ஒரு திதி நகர்கிறது. வாக்கியத்திற்கும் திருக்கணிதத்திற்கும் சில நாழிகை பேதமிருந்தாலே ஏகாதசி விஷயத்தில் எத்தனை விவாதம்! அதே ஸங்கல்பத்தில் திதி மட்டும் மெய்யாயிருக்க வேண்டும், அயனம் பெயரளவில் போதும் என்பது எவ்வாறு பொருந்தும்?

ஆறாம் நூற்றாண்டினரான வராஹமிஹிரர் ப்ருஹத் ஸம்ஹிதையில் இதைப் பேசியிருக்கிறார். முன்னோர் சாஸ்திரங்களில் உத்தராயணம் அவிட்டத்தின் தொடக்கத்தில் சொல்லப்பட்டது. தம் காலத்தில் அது மகரத்தின் தொடக்கத்திலாகிவிட்டது. ஐயமுள்ளவர் நிழலை அளந்து நேரிலேயே அறியலாம் என்பது அவர் கருத்து. முன்னோரை அவர் பழிக்கவில்லை. அவர்கள் சொன்னதையே தம் காலத்திற்கும் சொல்லிக்கொண்டிருக்கவுமில்லை. அம்புப் படுக்கையில் 58 இரவுகள் கிடந்த பீஷ்மர் காத்திருந்ததும் ஆதித்யன் திரும்புவதற்காகத்தானே. ஏட்டில் எழுதிய தேதிக்காக அன்று.

நம் நாட்டிலும் மேகநாத் ஸாஹா தலைமையிலான குழு 1955-இல் அறிக்கை தந்து, 1957 மார்ச் 22 முதல் தேசியப் பஞ்சாங்கம் நடப்புக்கு வந்தது. அதில் பௌஷ மாதம் டிசம்பர் 22-இல் தொடங்குகிறது. சர்க்காரின் தேதிக் குறிப்போடு அது நின்றுவிட்டது, கோயில்களுக்குள் வரவில்லை.

இந்த மார்கழியில் பிராகாரத்தில் நான்கடிக் கோல் ஒன்றை நட்டு, உச்சிப்போதில் நிழலை அளக்கும்படி பாலகனிடம் சொன்னேன். மாத முதல் வாரத்தில் நிழல் மிக நீண்டு நின்றது. தை பிறந்தபோது இரண்டு அங்குலத்திற்கு மேல் குறுகியிருந்தது. சாஸ்திரம் சொன்ன பரீக்ஷையில் பிள்ளை வென்றான்.

ஆனாலும் அடியேன் ஸங்கல்பத்தை மாற்றவில்லை. ஒரு ஸந்நிதியில் ஓர் அர்ச்சகன் தன் துணிவில் மாற்றினால், அடுத்த ஊரில் வேறொன்று ஒலிக்கும். ஸேவிக்க வருபவர்கள் கலங்குவர். கற்றறிந்த பெரியோர் கூடித் தீர்மானிக்க வேண்டிய காரியம் இது. அதுவரை முன்னோர் சொன்னபடியே சொல்லிவருகிறேன். ரூடி என்ற ஸமாதானத்தை மட்டும் இப்போது எவரிடமும் சொல்வதில்லை. கேட்பவர்களிடம், சூரியன் முன்னமே திரும்பிவிட்டான் என்பதையும், நாம் ஏன் இன்னும் பழைய வாக்கைச் சொல்லுகிறோம் என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன். பிழையிருப்பின் பெரியோர் பொறுத்தருள்வாராக.