தாயின் சோர்வும் நமது தீர்ப்பும்

வில்லியனூர் லூர்தன்னை திருத்தலத்திற்குப் பிள்ளைப்பேற்றுக்கு நன்றி கூறக் குடும்பங்கள் வருகின்றன. குழந்தை உறவினர் கைகளில் மாறி மாறித் தவழ்கிறது. அருகில் நிற்கும் தாயின் முகம் மட்டும் சில வேளைகளில் இருண்டிருக்கிறது. பெற்ற மகவைக் கண்டும் மகிழ்வில்லை, உறக்கமில்லை, காரணம் புரியாத கண்ணீர். "விசுவாசம் போதாது, இன்னும் செபிக்கட்டும்" என்று நாம் எளிதில் தீர்ப்பிட்டுவிடுகிறோம். இந்தச் சோர்வு பாவமா, பிணியா?

முதலில் மருத்துவம் கூறுவதைக் கேட்போம். கருவுற்ற காலத்தில் பன்மடங்கு பெருகும் ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டிரோன் என்னும் ஹார்மோன்கள், பிள்ளை பிறந்த சில நாள்களுக்குள் வெகுவாகக் குறைந்துவிடுகின்றன. முதல் இரு வாரங்களுக்குள் வந்து மறையும் அழுகை பலருக்கும் இயல்பு. அதற்கு மேலும் நீடித்து அன்றாட வாழ்வை முடக்கினால் அது மனச்சோர்வு நோயாகலாம். சிலருக்குத் தைராய்டு சுரப்பி குன்றுவதாலும் இதே அறிகுறிகள் தோன்றும். இரத்தப் பரிசோதனையால் அதனை அறியலாம், மாத்திரையால் சீராக்கலாம்.

ஆயினும் ஹார்மோன் வீழ்ச்சி எல்லாத் தாய்மார்க்கும் நேர்வதன்றோ? சிலர் மட்டும் ஏன் நோயுறுகின்றனர்? உடலின் இயல்பு ஆளுக்கு ஆள் வேறுபடுவது ஒரு விடை. வேலூரை அடுத்த கணியம்பாடிக் கிராமங்கள் மற்றொரு விடையைத் தருகின்றன. 2002இல் வெளியான ஆய்வொன்றின்படி, அங்குப் பிள்ளை பெற்ற பெண்களுள் 11 விழுக்காட்டினர் புதிதாக இந்நோய்க்கு ஆளாயினர். வறுமை, மகனை எதிர்பார்த்த வீட்டில் மகள் பிறந்தமை, மாமியாரோடும் பெற்றோரோடும் பிணக்கு, கைகொடுக்க ஆளின்மை ஆகியன அந்நோயோடு சேர்ந்து காணப்பட்டன. பாகூர் வயலோரத்து வீடுகள் இவற்றிற்கு விலக்கோ? "எல்லாம் ஹார்மோன்" என்று கூறி வீட்டார் பிலாத்தைப் போலக் கைகழுவ இயலாது. விசுவாசக் குறைவென்று கூறிப் பங்குச் சமூகமும் ஒதுங்க இயலாது.

உளவியல் காரணங்களால் மனிதரின் பொறுப்பு குறையவோ அற்றுப்போகவோ கூடுமென 1992இல் வெளியான திருச்சபையின் மறைக்கல்வி நூல் கற்பிக்கிறது. சூரைச்செடியின் அடியில் சாவை வேண்டிப் படுத்த எலியாவை ஆண்டவர் கடிந்துகொள்ளவில்லை. வானதூதர் அப்பமும் தண்ணீரும் தந்தார். எலியா மீண்டும் உறங்கினார். அடுத்த பணிக்கான கட்டளை பின்னரே வந்தது. சீராக்கின் ஞானமோ, நோயில் செபிக்கவும் மருத்துவரை மதிக்கவும் ஒருங்கே பணிக்கிறது.

ஆகவே, இத்தகைய தாயை ஆரம்ப சுகாதார நிலையத்திற்கோ ஜிப்மர் மனநலப் பிரிவிற்கோ அழைத்துச் செல்வது அறச்செயலே. பாலூட்டும் தாய்க்கு ஏற்ற மருந்துகளும் உண்டு. பலன் தரச் சில வாரங்கள் ஆகும். மருத்துவரைக் கேளாமல் இடையில் நிறுத்தலாகாது. 2022இல் தொடங்கிய டெலி மானஸ் உதவிக்கு 14416 என்னும் எண்ணை அழைக்கலாம். சாக வேண்டுமென்றோ குழந்தைக்குத் தீங்கிழைக்க வேண்டுமென்றோ எண்ணம் எழுந்தால் அப்போதே மருத்துவமனை சேர வேண்டும்.

இரவில் அழும் குழந்தையைச் சில மணி நேரம் கணவரோ மாமியாரோ ஏந்திக்கொண்டால் தாய் சற்று உறங்குவாள். எலியாவுக்கு வானதூதர் செய்த பணியும் அத்தகையதே.