இடிபாட்டின் முன் நிற்கும் முறை

பழம்பெரும் கோட்டைகளையும் மதில் சூழ்ந்த ஊர்களையும் காணச் செல்வது வேடிக்கையா, வழிபாடா? "பூமியில் சுற்றித் திரிந்து, முன்சென்றோரின் முடிவைப் பாருங்கள்" என்னும் கருத்தைத் திருமறை பல இடங்களில் வலியுறுத்துகின்றது. ஆகவே பயணம் வேண்டாமென்று எவரும் கூறவியலாது. ஆனால் பார்ப்பது எங்ஙனம் என்பதே வினா.

அண்மையில் கும்மிடிப்பூண்டியிலிருந்து மாணவர் சிலருடன் பழவேற்காட்டுக்குச் சென்றிருந்தபோது இவ்வினா என் முன் வந்து நின்றது. திருவள்ளூர் மாவட்டத்தின் கடலோரத்தில், உவர்நீர் ஏரியின் கரையில் அமைந்த தொன்மையான துறைமுகம் அது. அரபு நாட்டிலிருந்து கடல்வழி வந்தோரின் வழித்தோன்றல்கள் தாங்கள் என்பது அவ்வூர் முஸ்லிம் குடும்பங்கள் சிலவற்றின் மரபுரை. அரபுத்தமிழைப் போற்றிக் காத்த ஊர்களுள் அதுவும் ஒன்று. அங்கே 1613இல் டச்சுக்காரர் தம் நாட்டு மாகாணமொன்றின் பெயரால் கெல்டிரியா என்னும் கோட்டையை எழுப்பினர். 1690இல் தலைமையிடத்தை நாகப்பட்டினத்திற்கு மாற்றும்வரை சோழமண்டலக் கரையில் அவர்தம் ஆட்சிக்கு அதுவே நடுநாயகம். இன்று அங்கே மதிலில்லை; புதர் மண்டிய மேடும் அகழியின் சுவடுமே எஞ்சியுள்ளன. அருகிலுள்ள டச்சுக் கல்லறைத் தோட்டமோ நன்கு நிற்கிறது. அதன் வாயிலில் எலும்புக்கூட்டு உருவங்களைச் செதுக்கி வைத்துள்ளனர். மாணவர்கள் வியந்து நோக்கினர்.

அப்போது ஒருவர் கேட்டார்: "ஹஜ்ரத், கல்லறையில் உள்ளவர்களின் பெயரெல்லாம் கல்லில் இருக்கிறதே. இங்கிருந்து கப்பலேற்றப்பட்டவர்களின் பெயர் எங்கே இருக்கிறது?"

நான் மறுமொழி கூற இயலாது நின்றேன். பழவேற்காட்டிலிருந்து சென்ற துணி உலகறிந்தது. நாம் உடுத்தும் 'பளையகாட்' கைலி இவ்வூரின் பெயரைத்தான் சுமக்கிறது. மலாய் மக்கள் தொழுகைக்கு உடுத்தும் கட்டமிட்ட கைலியை இன்றும் 'காயின் பெலிகாட்' என்கிறார்கள். அப்பெயரும் இத்துறையினின்று சென்றதே. ஆனால் துணி சென்ற அதே கடல்வழியில் 17ஆம் நூற்றாண்டில் மனிதரும் சென்றனர். போரும் பஞ்சமும் வந்த ஆண்டுகளில், பசித்த பெற்றோர் விற்ற பிள்ளைகளும், தரகர் பிடித்து வந்த ஏழைகளும் ஆயிரக்கணக்கில் இக்கரையின் துறைகளிலிருந்து பத்தாவியாவுக்கும் பிற இடங்களுக்கும் அடிமைகளாக ஏற்றப்பட்டனர். துணிக்குப் பெயர் நிலைத்தது, மனிதருக்கு நிலைக்கவில்லை.

"அது அந்நியர் செய்த கொடுமை, நமக்கென்ன?" என்று ஒருவர் கேட்கலாம். கப்பல் அந்நியருடையதுதான். ஆனால் ஊருக்குள் சென்று, பசித்த குடிசையின் வாயிலில் நின்று விலை பேசிய தரகன் அந்நியன் அல்லன். மற்றொன்றையும் மறைத்தல் நேர்மையாகாது. மத்தியதரைக் கடலில் மால்டாவை அடுத்துள்ள கோசோத் தீவின் மதில் சூழ்ந்த மேட்டு நகரை 1551இல் துருக்கியக் கடற்படை கைப்பற்றி, அத்தீவின் மக்களுள் பெரும்பாலோரை அடிமைகளாக்கிக் கொண்டு சென்றது. மறுபுறம், மால்டாவின் கிறித்தவ வீரர்குழு 1798வரை முஸ்லிம்களை அடிமைகளாக வைத்திருந்தது. இரு மதில்களிலும் ஒரே கண்ணீர்தான் படிந்துள்ளது. நம்மவர் சிந்திய கண்ணீரை மட்டும் எண்ணி, நம்மவர் சிந்த வைத்ததை எண்ணாதவன் வரலாற்றைப் படிக்கவில்லை, வழக்கு நடத்துகிறான்.

தரகனுக்கும் ஒரு வாதம் உண்டு. "பட்டினியால் செத்திருப்பான்; நான் வாங்கியதால் பிழைத்தான். அவனே உடன்பட்டான்" என்பான். இவ்வாதம் எளிதாகத் தள்ளத்தக்கதன்று. பிழைத்தவர் உண்மையிலேயே இருந்திருக்கலாம். ஆயினும் நம் ஃபிக்ஹு நூல்கள் தெளிவாக உரைக்கின்றன: சுதந்திரமான மனிதனை விற்பது செல்லாது, அவன் உடன்பட்டாலும் செல்லாது. ஏனெனில் அவனது விடுதலை அவனுடைய கைப்பொருள் அன்று. இறைவன் அளித்த அமானிதம். பசித்தவனுக்குச் சோறிடுவது கடமை. கடமையைச் செய்வதற்கு விலையாக அவன் கழுத்தையே கேட்பது வணிகமுமன்று, அறமுமன்று.

இங்கேதான் பழவேற்காடு பழங்கதையாக இராமல் நம் வாயிலுக்கு வருகிறது. நம் மாவட்டத்துச் செங்கற்சூளைகளிலும் அரிசி ஆலைகளிலும் முன்பணம் பெற்றுக் கட்டுண்டு கிடந்த இருளர் குடும்பங்களையும் ஒடிசாவிலிருந்து வந்தோரையும் அதிகாரிகள் மீட்ட செய்திகள் பலமுறை வந்துள்ளன. கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் 1976இலேயே வந்துவிட்டது. முன்பணம் கொடுத்தவன் கூறுவதும் அதே வாதந்தான்: "அவனே உடன்பட்டான்." மறுமையில் மூவருக்கு எதிராக இறைவனே வழக்காடுவான் என்னும் கருத்துடைய நபிமொழி ஒன்றை ஸஹீஹுல் புகாரியில் காண்கிறோம். அவர்களுள் ஒருவன், சுதந்திரமானவனை விற்று அக்கிரயத்தைத் தின்றவன்; இன்னொருவன், வேலையாளிடம் முழு வேலையும் வாங்கிக்கொண்டு கூலி கொடாதவன். இவ்விருவரையும் ஒரே வரிசையில் நிறுத்தியதிலுள்ள நுட்பம் சிந்திக்கத்தக்கது. அடிமைச் சந்தைக்கும் கூலி மறுப்புக்கும் இடையே தொலைவு மிகக் குறைவு.

தபூக் செல்லும் வழியில் ஸமூது கூட்டத்தாரின் இடிபாடுகளைக் கடக்க நேர்ந்தபோது, அழுதவர்களாகவன்றி அங்கே நுழைய வேண்டாமென்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தோழர்களைத் தடுத்தார்கள். அரபு மொழியில் படிப்பினைக்கு 'இப்ரத்' என்கிறோம், கண்ணீருக்கு 'அப்ரத்'. கடத்தல் என்னும் பொருளுடைய ஒரே வேரில் பிறந்தவை இரண்டும். கண்ட கல்லிலிருந்து காணாத மனிதனிடம் கடந்து செல்பவனே படிப்பினை பெற்றவன். கல்லோடு நின்றுவிட்டவன் வேடிக்கை பார்த்தவனே.

ஆனால் அழுதுவிட்டு வீடு திரும்பினால் போதுமா? போதாது. திரும்பும்போது பேருந்தில் அம்மாணவரிடம் கூறினேன்: "தம்பி, அவர்களின் பெயரை இனி நம்மால் கண்டுபிடிக்க இயலாது. ஆனால் நம் வீட்டிலும் நம் கடையிலும் நம் சூளையிலும் வேலை செய்கிறவரின் பெயர் நமக்குத் தெரியுமா என்று கேட்டுப் பார்க்கலாம். அவர் வியர்வை உலருமுன் கூலி போய்ச் சேர்ந்ததா என்றும் கேட்கலாம்."

கோட்டையின் முன் நிற்கும் முறை, கூலிக்காரனின் முன் நாம் நிற்கும் முறையிலேதான் தெரியவரும்.