கண் மங்கிய வாயில்லா ஜீவனும் நம் அமானிதமும்

அளவற்ற அருளாளனும் நிகரற்ற அன்புடையோனுமாகிய அல்லாஹ்வின் திருப்பெயரால்...

எல்லாப் புகழும் அகிலங்களின் இரட்சகனாகிய அல்லாஹ்வுக்கே. ஸலவாத்தும் ஸலாமும் அகிலத்தாருக்கு அருட்கொடையாக அனுப்பப்பட்ட நம் உயிரினும் மேலான நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக.

கண்ணியத்திற்குரிய அல்லாஹ்வின் நல்லடியார்களே! முதலில் எனக்கும் பிறகு உங்களுக்கும் இறையச்சத்தைக் கொண்டு வஸிய்யத் செய்கிறேன்.

மனிதனுக்கு இரு கண்களைத் தந்ததை அல்லாஹ் சூரத்துல் பலதில் நினைவூட்டுகிறான். அந்த நிஃமத்தின் மதிப்பு பார்வை மங்கும்போதுதான் நமக்குப் புரிகிறது. நம் வீட்டுப் பூனைக்கும், தோட்டம் காக்கும் நாய்க்கும், தொழுவத்தில் நிற்கும் பசுவுக்கும் அதே ரப்புதான் கண்ணைக் கொடுத்தான். பூமியில் ஊர்ந்து செல்பவையும் வானில் பறப்பவையும் நம்மைப் போன்ற சமுதாயங்களே என்று சூரத்துல் அன்ஆமில் நமக்கு உணர்த்துகிறான்.

அந்த ஜீவன்களின் கண்களிலும் புரை விழுகிறது. இன்று அதற்கு அறுவை சிகிச்சையும் இருக்கிறது. “ஒரு பூனைக்கும் நாய்க்குமா இவ்வளவு செலவு? இது வீண்விரயம் இல்லையா?” என்று சிலர் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். மார்க்கத்தின் வெளிச்சத்தில் இதற்கு விடை தேடுவோம்.

பயன் தீர்ந்தாலும் கடமை தீராது

நபி (ஸல்) அவர்கள் அன்ஸாரித் தோழர் ஒருவரின் தோட்டத்திற்குள் சென்றபோது, அங்கிருந்த ஒட்டகம் அவர்களைக் கண்டதும் முனகியது. அதன் கண்களிலிருந்து நீர் வழிந்தது. நபியவர்கள் அருகில் சென்று அதன் காதுகளுக்குப் பின்னால் தடவிக் கொடுத்தார்கள். அது அமைதியடைந்தது. பிறகு உரிமையாளரை அழைத்து, அல்லாஹ் உமக்கு உடைமையாக்கித் தந்த இந்த ஜீவன் விஷயத்தில் அவனை அஞ்ச வேண்டாமா என்று கண்டித்தார்கள். பசியில் வாட்டி, ஓயாமல் வேலை வாங்குவதாக அது முறையிட்டதையும் தெரிவித்தார்கள். (அபூதாவூத்)

சிந்தித்துப் பாருங்கள். அந்த ஒட்டகம் அவருக்குச் சொந்தம்தான். ஆனாலும் அதைப் பற்றி அவர் பதில் சொல்லியாக வேண்டும். சொந்தம் என்பதே பொறுப்புதான்.

ஹிஜ்ரி 660-ல் வஃபாத்தான மாமேதை இமாம் இஸ்ஸுத்தீன் இப்னு அப்திஸ்ஸலாம் (ரஹ்) அவர்கள் மனிதன் மீது கால்நடைகளுக்குள்ள உரிமைகளைப் பட்டியலிடுகிறார்கள். அதில் முதலில் எதை வைக்கிறார்கள் தெரியுமா? அவற்றுக்குரிய பராமரிப்புச் செலவைச் செய்ய வேண்டும். முதுமையாலும் நோயாலும் அவற்றால் எந்தப் பயனும் இல்லாமல் போனாலும் செய்ய வேண்டும் என்கிறார்கள். ஏறக்குறைய 760 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த ஓர் ஆலிமின் பார்வை இது!

குர்பானி ஆடு வாங்கும்போது அதன் கண்ணைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறோம். ஒரு கண் பார்வையில்லாதது வெளிப்படையாகத் தெரிந்தால் குர்பானி கூடாது என்பது ஹதீஸ். பார்ப்பது சரியே. ஆனால் நாமே வளர்த்த ஜீவனின் கண் வெளுத்துப் போனதை எத்தனை நாள் கழித்துக் கவனிக்கிறோம்?

கண்புரை என்றால் என்ன?

கண்ணுக்குள் இருக்கும் பளிங்கு போன்ற வில்லை வெளுத்து, ஒளி புகாமல் போவதே புரை. நாய்களுக்குப் பரம்பரையாகவும் சர்க்கரை நோயாலும் அதிகம் வருகிறது. சர்க்கரை நோயுள்ள நாய்களில் பெரும்பாலானவற்றுக்குச் சில மாதங்களிலேயே புரை முற்றிவிடும். பூனைகளுக்குப் புரை குறைவு. வந்தால் பெரும்பாலும் கண்ணின் உள் அழற்சியோ அடிபட்டதோதான் காரணமாக இருக்கும்.

வயதான நாயின் கண்ணில் தெரியும் நீலம் கலந்த மங்கல் எல்லாமே புரை அல்ல. வில்லை முதுமையில் இறுகுவதாலும் அப்படித் தெரியும். அதில் பார்வை பெரிதாகக் குறையாது, அறுவையும் தேவையில்லை. இரண்டையும் பிரித்தறிவது கால்நடை மருத்துவரின் வேலை. அவரிடம் காட்டாமல், வீட்டில் கிடக்கும் மனிதர்களின் கண் சொட்டு மருந்தை எடுத்து ஊற்றிவிடாதீர்கள். கருவிழியில் புண் இருந்தால் ஸ்டீராய்டு கலந்த மருந்து கண்ணையே அழித்துவிடும். சொட்டு மருந்தால் புரை கரையவும் செய்யாது.

சிகிச்சையின் முறை இதுதான்: முதலில் விழித்திரை வேலை செய்கிறதா என்று சோதிப்பார்கள். அது செத்திருந்தால் அறுவை செய்து பயனில்லை. பிறகு முழு மயக்கம் கொடுத்து, கேளா ஒலி அதிர்வால் புரையை உடைத்து உறிஞ்சி எடுத்து, பெரும்பாலும் செயற்கை வில்லையைப் பொருத்துவார்கள். அடுத்துப் பல வாரங்கள் தினமும் பலமுறை சொட்டு மருந்து விட வேண்டும். கண்ணைச் சொறியாமல் கழுத்தில் கூம்பு மாட்ட வேண்டும். பணம் கொடுத்தால் மட்டும் முடிகிற காரியமல்ல இது. பொறுமையும் வேண்டும். சென்னை வேப்பேரியிலுள்ள கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் விலங்குகளுக்கென்றே கண் சிகிச்சைப் பிரிவு இயங்குகிறது.

இந்தக் கலைக்கும் நமக்கும் பழைய தொடர்பு உண்டு. கி.பி. 1000-ஐ ஒட்டி கெய்ரோவில் வாழ்ந்த அம்மார் இப்னு அலீ அல்மவ்ஸிலீ, உள்ளே துளையுள்ள ஊசியால் புரையை உறிஞ்சி எடுக்கும் முறையை எழுதி வைத்தார். கால்நடை மருத்துவத்தை ‘பைதரா’ என்ற பெயரில் தனிக் கலையாகவே முஸ்லிம்கள் வளர்த்தார்கள்.

வீண்விரயமா?

சகோதரர்களே! தாகித்த நாய்க்காகக் கிணற்றில் இறங்கித் தன் காலுறையில் நீர் மொண்டு வந்தவரின் பாவம் மன்னிக்கப்பட்டது. உயிருள்ள ஒவ்வொன்றுக்கும் செய்யும் உதவியில் கூலி உண்டு என்று நபியவர்கள் நன்மாராயம் கூறினார்கள். (புகாரி, முஸ்லிம்) கூலி உள்ள செயல் வீண்விரயம் ஆகாது.

ஆனால் இதில் மூன்று படிகளைப் பிரித்தறிய வேண்டும்.

ஒன்று: உணவும் நீரும் கொடுப்பது, வலியைப் போக்க இயன்றதைச் செய்வது. இதில் சாக்குப்போக்குக்கு இடமில்லை. புரையைக் கவனிக்காமல் விட்டால் கண்ணுக்குள் அழற்சியும் அழுத்தமும் உண்டாகலாம். அது கடும் வலி. அறுவைக்கு வசதியில்லாதவரும் வலிக்கு மருந்து கொடுக்க முடியும்.

இரண்டு: பார்வையை மீட்கும் அறுவை சிகிச்சை. வசதியுள்ளவர் செய்தால் அது நற்செயல். வசதியில்லாதவர் மீது குற்றமில்லை. எந்த ஆன்மாவையும் அதன் சக்திக்கு மீறி அல்லாஹ் சிரமப்படுத்துவதில்லை. இதற்காக வட்டிக்குக் கடன் வாங்குவதோ, ஸகாத்தில் கை வைப்பதோ, மனைவி மக்களின் செலவைக் குறைப்பதோ கூடாது.

மூன்று: பூனையின் கண்ணுக்கு மருத்துவரைத் தேடி ஓடுகிறவர், வீட்டு மூலையில் பார்வை மங்கித் தட்டுத் தடுமாறும் உம்மாவின் கண்ணையும் பார்த்தாரா? மனிதர்களுக்குப் புரை அறுவை நம் நாட்டில் அரசு மருத்துவமனைகளிலேயே செலவின்றிக் கிடைக்கிறது. 1976-ல் மதுரையில் டாக்டர் கோ. வெங்கடசாமி தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை ஏழைகளுக்கு இலவசமாகச் செய்து வருகிறது. அழைத்துச் செல்ல ஒரு கை இல்லாததால்தான் பல முதியவர்கள் இருட்டில் இருக்கிறார்கள். ஓர் இரக்கம் இன்னோர் இரக்கத்தை வளர்க்க வேண்டும், விழுங்கக் கூடாது.

நாய் விஷயத்தில் ஒரு சந்தேகம் வரலாம். காவலுக்காகவும் கால்நடை, பயிர் பாதுகாப்புக்காகவும் வேட்டைக்காகவும் நாய் வளர்க்க அனுமதி உண்டு. அதற்கு மருந்து விடும்போது எச்சில் பட்டால், ஷாஃபிஈ மத்ஹபின்படி மண் கலந்து ஒரு முறையும் நீரால் ஆறு முறையுமாக ஏழு முறை கழுவிக்கொள்ளலாம். சுத்தம் செய்ய மார்க்கம் வழி காட்டியிருக்கும்போது, அதைக் காரணம் காட்டி வலியில் துடிக்கும் ஜீவனைக் கைவிட முடியுமா?

பார்வை திரும்பாவிட்டால்?

சில கண்களுக்கு அறுவை செய்ய இயலாது. அப்போதும் அந்த ஜீவனின் வாழ்வு முடிந்துவிடவில்லை. வாசனையாலும் சத்தத்தாலும் அது வீட்டை அறியும். உணவுத் தட்டையும் தண்ணீரையும் இடம் மாற்றாதீர்கள். கட்டில், நாற்காலிகளை அடிக்கடி நகர்த்தாதீர்கள். தொடுவதற்கு முன் குரல் கொடுங்கள். கிணறு, மாடிப்படி, சாலைப் பக்கம் போகாமல் தடுங்கள்.

கண் தெரியாது என்பதற்காகச் சாக்கில் கட்டி மீன் மார்க்கெட்டில் விட்டு வருபவர்கள் இருக்கிறார்கள். பூனையை அடைத்து வைத்து, உணவும் கொடுக்காமல், தானே தேடித் தின்னவும் விடாமல் சாகடித்த பெண் நரகம் சென்றதாக நபி (ஸல்) எச்சரித்தார்கள். (புகாரி, முஸ்லிம்) பார்வையற்ற பூனையைத் தெருவில் விட்டால் அதனால் தேடித் தின்ன முடியுமா? கதவு திறந்திருக்கிறது என்பது மட்டும்தான் வித்தியாசம்!

உளூச் செய்ய வைத்திருந்த தண்ணீரை நாடிப் பூனை வந்தபோது, அது குடித்து முடிக்கும்வரை பாத்திரத்தைச் சாய்த்துப் பிடித்தார்கள் அபூகதாதா (ரழி) அவர்கள். பூனை உங்களிடையே சுற்றி வரும் ஜீவன், அசுத்தமல்ல என்ற நபிமொழியை அப்போது நினைவூட்டினார்கள். (அபூதாவூத், திர்மிதீ) நம்மைச் சுற்றி வந்த அந்த ஜீவனுக்கு வழி தெரியாமல் போகும்போது, கை கொடுக்க வேண்டியவர்கள் நாம்தான்.

இன்று வீட்டுக்குப் போனதும் உங்கள் வளர்ப்புப் பிராணியின் முகத்தை வெளிச்சத்தில் ஒரு முறை பாருங்கள். அப்படியே உங்கள் பெற்றோரின் கண்களையும் பாருங்கள்.

யா அல்லாஹ்! எங்கள் பார்வையில் பரக்கத் செய்வாயாக. நீ எங்களிடம் ஒப்படைத்த வாயில்லா ஜீவன்கள் விஷயத்தில் எங்களைக் குற்றவாளிகளாக ஆக்கிவிடாதே. நோயுற்ற அனைவருக்கும் ஷிஃபாவைத் தருவாயாக. எங்கள் உள்ளங்களில் புரை விழாமல் காப்பாயாக. ஆமீன், ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.

வஆகிரு தஃவானா அனில் ஹம்து லில்லாஹி ரப்பில் ஆலமீன்.