மௌனமும் வாய்மையும்

2005 ஜூலை 26 அன்று மும்பையில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை பெய்தது; ஏராளமான வாகனங்கள் நீரில் மூழ்கின. அவ்வாறு மூழ்கிய காரை விற்பவர் இருவகையில் தவறக்கூடும். சேற்றின் சுவடுகளை அகற்றிக் குறையை மறைப்பது ஒன்று. வாய் திறவாதிருப்பது மற்றொன்று. முன்னதை 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் மோசடி என்கிறது. வாங்கியவர் ஒப்பந்தத்தை ரத்து செய்யலாம். பின்னதை, பேசும் கடமை இருந்தாலன்றி, அச்சட்டம் மோசடியாகக் கருதுவதில்லை.

‘கேட்டிருந்தால் சொல்லியிருப்பேனே’ என்று விற்றவர் தம்மைத் தேற்றிக்கொள்ளலாம். ஆனால் அறியாதவர், எதைக் கேட்க வேண்டும் என்பதையும் அறியார். மின்இணைப்புகளில் மெல்லப் பரவும் அரிப்பு ஒருநாள் நெடுஞ்சாலையில் வெளிப்படும்போது, உள்ளே ஒரு குடும்பம் இருக்கும்.

சட்டம் வற்புறுத்தாத இடத்தில் மனசாட்சி கேட்கிறது: ‘இந்தக் காரில் உன் குழந்தையை ஏற்றி அனுப்புவாயா?’ அங்கே தயங்குபவர், தம் தயக்கத்தின் காரணத்தை வாங்குபவருக்குச் சொல்லக் கடமைப்பட்டவர்.