கலி கொடுத்த சத்தியம்

அடிக்கிறவன் அடித்துக்கொண்டே இருக்கிறான். பொறுக்கிறவன் பொறுத்துக்கொண்டே இருக்கிறான். இப்படியே போனால் அநியாயம் என்றைக்கு மாறும்? பதிகளிலும் நிழல்தாங்கல்களிலும் ஏடு வாசிப்பு முடிந்தபின் இளைய பிள்ளைகள் கேட்கிற கேள்வி இது. நியாயமான கேள்விதான். இதற்கு விடை அகிலத்திரட்டு அம்மானையிலேயே இருக்கிறது. அகிலம் என்றால் உலகம் முழுவதும் அல்லவா? ஆகையால் கடல் கடந்த ஒரு தேசத்தில் நடந்த காரியத்தையும் சேர்த்து வைத்தே அந்த விடையைப் பார்க்கலாம்.

முதலில் அகிலம் சொல்வது. கலிநீசன் கேட்ட வரமெல்லாம் வாங்கிக்கொண்டு பூலோகத்துக்கு வரும்போது, நாராயணர் பண்டார வேடத்தில் அவன் எதிரே வந்து நின்றார். அவர் கையில் ஆயுதம் இல்லை. பின்னால் படையும் இல்லை. வெறுங்கையனான ஆண்டியோடு போர் செய்வது தனக்கு இழிவு என்று கலி எண்ணினான். அப்போது அவன் வாயிலிருந்தே ஒரு சத்தியம் வாங்கப்பட்டது. பண்டாரத்தையும் பண்டாரத்தின் மக்களையும் துன்பப்படுத்தமாட்டேன். துன்பப்படுத்தினால் என் படையும் பலமும் அழிந்து நரகம் போவேன் என்று கலி ஆணையிட்டான்.

பின்பு அய்யா வைகுண்டராய்த் தெச்சணத்தில் வந்தார். தலையில் துண்டு கட்டக்கூடாது, பெண்கள் மாரை மறைக்கக்கூடாது, கூலியில்லாமல் ஊழியம் செய்யவேண்டும் என்று ஒடுக்கப்பட்ட மக்களைத் தலைநிமிரச் செய்தார். அரசனின் சேவகர் வந்து அய்யாவைக் கட்டி இழுத்தபோது சான்றோர் மக்கள் கொதித்தார்கள். எதிர்த்து அடிக்கவும் துணிந்தார்கள். அய்யா தடுத்துப் பொறுக்கச் சொன்னார். ஏன்? பலம் இல்லாமலா? இல்லை. ஆயுதமில்லாதவர்மேல் கை வைத்த நொடியிலேயே கலி தன் சத்தியத்தைத் தானே முறித்துக்கொள்கிறான். அவனுக்கு அழிவு அவன் கொடுத்த வாக்கில்தான் இருக்கிறது. மக்கள் ஆயுதம் எடுத்திருந்தால் அந்த வாக்கிலிருந்து அவனைத் தப்பவிட்டதாக ஆகியிருக்கும்.

இனி அமெரிக்காவில் நடந்ததைப் பார்க்கவேண்டும். அந்தத் தேசமும் சத்தியம் கொடுத்த தேசம். மனிதர் எல்லாரும் சமமாகவே படைக்கப்பட்டார்கள் என்று 1776-இல் உலகறியச் சொன்னது. அப்படிச் சொன்ன அன்றும் ஆப்பிரிக்காவிலிருந்து பிடித்துவந்த மக்களை அடிமைகளாக விற்று வாங்கிக்கொண்டிருந்தது. 1865-இல் அடிமைத்தனம் ஒழிந்தது. 1868-இல் சட்டத்தின் முன் எல்லாருக்கும் சமமான காப்பு உண்டு என்று அரசியல் சாசனத்தில் எழுதினார்கள். எழுதியபின்பும் தென் மாநிலங்களில் பள்ளிக்கூடம் வேறு, தண்ணீர்க்குழாய் வேறு, பேருந்தில் இருக்கை வேறு என்றே வைத்திருந்தார்கள். முத்திரிக்கிணற்றில் பதினெட்டுச் சாதிக்கும் ஒரே தண்ணீர் என்று அய்யா வைத்த நியமத்தை அறிந்த மக்களுக்கு இந்தக் கலியின் முகம் புதிதல்ல.

அலபாமா மாநிலத்தின் மாண்ட்கோமரி நகரில் 1955 டிசம்பர் 1-ஆம் தேதி, தையல் வேலை முடித்து வீடு திரும்பிய ரோசா பார்க்ஸ் என்ற 42 வயதுப் பெண் பேருந்தில் உட்கார்ந்திருந்தார். ஒரே ஒரு வெள்ளையர் உட்காருவதற்காக வரிசையில் இருந்த நான்கு கறுப்பின மக்களும் எழவேண்டும் என்றார் ஓட்டுநர். மூவர் எழுந்தார்கள். ரோசா எழவில்லை. கைது செய்தார்கள், வழக்குச் செலவோடு 14 டாலர் தண்டம் விதித்தார்கள்.

டிசம்பர் 5-ஆம் தேதி முதல் கறுப்பின மக்கள் பேருந்தில் ஏறுவதை நிறுத்தினார்கள். யாரையும் அடிக்கவில்லை, ஒரு வண்டியையும் கொளுத்தவில்லை. பேருந்தில் ஏறுகிறவர்களில் ஏறக்குறைய முக்கால் பங்கு அவர்களே. அவமானத்துக்குக் காசு கொடுப்பதை மட்டும் நிறுத்தினார்கள். 381 நாள் நடந்தார்கள். முதியவர்களும் நடந்தார்கள். ஏறக்குறைய 300 கார்களை ஒழுங்கு செய்து, வேலைக்குப் போகிறவர்களை முறைவைத்து ஏற்றிச் சென்றார்கள். ஜார்ஜியா கில்மோர் என்ற சமையற்காரப் பெண், மற்றப் பெண்களையும் சேர்த்துக்கொண்டு உணவும் பலகாரமும் செய்து விற்று, வந்த காசைப் போராட்டத்துக்குக் கொடுத்தார். போராட்டத்தில் நின்றதால் வேலையையும் இழந்தார். துவையல் பந்தி மக்கள் ஒன்றாய்த் தங்கி, ஒன்றாய் உண்டு தவசு இருந்ததை நினைத்தால், இந்தப் பெண்களின் அடுப்படியும் ஒரு தவசுதான் என்பது விளங்கும்.

1956 ஜனவரி 30-ஆம் தேதி இரவு, அவர்களை வழிநடத்திய இளம் போதகர் மார்ட்டின் லூதர் கிங் வீட்டில் குண்டு வீசினார்கள். மனைவியும் கைக்குழந்தையும் உள்ளே இருந்தார்கள். அய்யா கிருபையால் உயிர் தப்பினார்கள். சனங்கள் துப்பாக்கியும் கத்தியுமாய்க் கூடிவிட்டார்கள். கூட்டத்திலிருந்து ஓடிவந்த கிங், உடைந்த வீட்டின் திண்ணையில் நின்று, ஆயுதங்களை வீட்டுக்குக் கொண்டுபோகச் சொன்னார். அன்று அந்தச் சனங்கள் சுட்டிருந்தால், மறுநாள் பேச்செல்லாம் அவர்கள் சுட்டதைப் பற்றியே இருந்திருக்கும். சுடாததால், குண்டு போட்ட கை யாருடையது என்பது உலகத்தின் கண்ணில் நின்றது.

வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. பேருந்தில் இருக்கை பிரிப்பது செல்லாது என்று 1956 நவம்பரில் முடிவானது. எதைக் கொண்டு அப்படி முடிவு செய்தார்கள்? 1868-இல் அந்தத் தேசமே எழுதிய அந்தச் சத்தியத்தைக் கொண்டுதான்.

அப்படியானால் அமைதி போதுமா? அடங்கிக் கிடப்பதை அமைதி என்று சொன்னால் போதாது. பல தலைமுறை அடங்கிக் கிடந்தும் ஒரு இருக்கை கிடைக்கவில்லை. தடுக்கப்பட்ட தலைப்பாகையைக் கட்டி நிமிர்ந்து நிற்பதும், அநியாயத்துக்கு ஊழியம் செய்ய மறுப்பதும், மறுத்ததற்கு வருகிற அடியைத் தாங்குவதும், தாங்குகிறவனுக்குச் சோறும் துணையும் கொடுப்பதும், வழக்காட வேண்டிய இடத்தில் வழக்காடுவதும் சேர்ந்ததே அய்யா சொன்ன பொறுமை. அந்தப் பொறுமைக்குப் பலம் உண்டு.

ஆனாலும் சட்டம் மாறிய நாளிலேயே மனம் மாறிவிடாது. 1963-இல் பர்மிங்காம் நகரத் தேவாலயத்தில் வைத்த குண்டு நான்கு சிறுமிகளைக் கொன்றது. 1968-இல் கிங்கையே சுட்டுக் கொன்றார்கள். 2020-இல் ஜார்ஜ் ஃபிளாய்ட் என்பவர் காவலரின் முழங்காலின் கீழ் உயிர்விட்டார். அய்யா வைகுண்டம் போனது 1851-இல். தோள்சீலை உரிமை வந்தது 1859-இல். விதைத்தவர் எல்லாரும் அறுவடையைப் பார்ப்பதில்லை. அதனால் விதைப்பு வீண் என்று ஆகாது.

கலி வெளியே மட்டும் நிற்கும் அரக்கன் அல்ல; மனத்திலும் குடியிருக்கிறது. அடிபட்டவன் மனத்தில் பகையாகவும், அடிபட்டதை மறந்தவன் மனத்தில் அகந்தையாகவும் அது இருக்கும். ஆகையால் நாமம் தரித்த மக்கள் தம்மையும் கேட்டுக்கொள்ளவேண்டும். வேலை தேடி வடக்கிலிருந்து வந்த பிள்ளையை நிறத்தையும் பேச்சையும் வைத்து இளக்காரமாய்ப் பேசுகிற வாய் யாருடைய வாய்? பெண் பார்க்கும் வீட்டில் கறுப்பு என்று முகம் சுளிப்பது யாருடைய முகம்? தலைப்பாகை கட்டிக் கண்ணாடிமுன் நிற்கும்போது உள்ளே இருக்கிற இறையைக் காண்பதாகச் சொல்கிற மக்கள், அதே இறை எதிரே நிற்கிறவனிடம் இல்லை என்றால் அதுவும் முறித்த சத்தியம்தான்.

தாழ்ந்து கிடப்பவரைத் தாங்குங்கள். அநியாயத்துக்குக் கை கொடுக்காதிருங்கள். கை ஓங்காமலும் தலை குனியாமலும் நில்லுங்கள். தருமயுகம் வரும்.

அய்யா உண்டு.