குழந்தைக்கு ஓர் அறை

2008 ஜனவரியில் சிங்கப்பூரின் சேனல் 5 தொலைக்காட்சியில் 'ஃபைண்ட் அண்ட் டிசைன்' என்ற வீட்டு அலங்கார நிகழ்ச்சியின் ஒரு பகுதி ஒளிபரப்பானது. ஓர் இணையர் தங்கள் வீட்டு விளையாட்டு அறையை, தத்தெடுத்த குழந்தைக்கான அறையாக மாற்றித் தரக் கேட்கிறார்கள். நடத்துபவர் வாழ்த்துகிறார். இணையர் இருவரும் ஆண்கள். ஏப்ரலில் ஊடக வளர்ச்சி ஆணையம் நிலையத்துக்கு 15,000 சிங்கப்பூர் டாலர் அபராதம் விதித்தது.

ஆணையம் சொன்ன காரணம் ஆபாசம் அல்ல. இருவரும் குழந்தையோடு இருக்கும் காட்சிகளும், அவர்களை ஒரு குடும்பமாக ஏற்று வாழ்த்தியதும் அந்த வாழ்க்கையை இயல்பானதாகக் காட்டிவிட்டன என்பதே குற்றம். தன்பாலீர்ப்பாளர் கேலிப் பொருளாகவோ பரிதாபத்துக்குரியவராகவோ வந்து போயிருந்தால் இந்த விதியில் சிக்கியிருக்க மாட்டார். தொட்டில் எங்கே போடுவது என்று யோசித்தபோதுதான் சிக்கினார்.

இதற்கு ஒரு நியாயம் சொல்லப்படுகிறது. பொதுத் தொலைக்காட்சி எல்லா வீட்டுக்குள்ளும் நுழைகிறது; கருத்து பிளவுபட்ட விஷயத்தில் அரசு எந்தப் பக்கமும் சாயாமல் மௌனம் காக்கிறது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் மற்ற எல்லாக் குழந்தைகளின் அறைகளையும் காட்டிக்கொண்டே ஒன்றை மட்டும் காட்டாமல் விடுவது மௌனமா? அது மிகத் தெளிவான பேச்சு.

பெண்கள் விஷயத்தில் தணிக்கைக்கு இவ்வளவு சிரமம்கூட இல்லை. அதே ஏப்ரலில், இரு பெண்கள் முத்தமிடும் பாடல் விளம்பரத்துக்காக ஸ்டார்ஹப் நிறுவனம் 10,000 டாலர் அபராதம் கட்டியது உண்மை. முத்தம் இல்லாவிட்டால் அபராதமே தேவையில்லை. ஓர் உறவுப்பெயர் போதும். அமெரிக்காவில் அதைத்தான் செய்தார்கள். 'செய்லர் மூன்' என்ற ஜப்பானியக் கார்ட்டூன் தொடரில் ஹருகா, மிச்சிரு இருவரும் காதலர்கள். 2000இல் அமெரிக்கத் தொலைக்காட்சிக்கு வந்த ஆங்கில வடிவத்தில் அவர்களைக் 'கசின்'கள் ஆக்கினார்கள். பார்வையும் நெருக்கமும் பெரும்பாலும் அப்படியே இருந்தன, வசனம் மட்டும் மாறியது. காதலைக் குழந்தைகளிடமிருந்து மறைக்கப் போய், சொந்தக்காரப் பெண்கள் ஒருவரையொருவர் காதலோடு பார்ப்பதைக் காட்டினார்கள்.

(நல்லவேளை, அது தமிழில் நடக்கவில்லை. 'கசின்' என்ற பூசி மெழுகும் சொல் நமக்குக் கிடையாது. சித்தி மகளா, அத்தை மகளா என்று மொழிபெயர்ப்பாளர் சொல்லியாக வேண்டும். அத்தை மகள் என்றால் முறை வந்துவிடும்; மறைக்கப் போனது ஊருக்கே தெரிந்துவிடும்.)

தோழி, அக்கா, ஒன்றுவிட்ட தங்கை. இரு பெண்கள் சேர்ந்திருக்க இந்தப் பெயர்களில்தான் உலகம் அனுமதி தருகிறது. அந்த அனுமதிக்குள் எத்தனையோ பெண்கள் நிம்மதியாக வாழ்ந்திருக்கிறார்கள் என்பதையும் நான் மறுக்க மாட்டேன். ஆனால் அந்த நிம்மதி, யாரும் கேள்வி கேட்காதவரைதான். மருத்துவமனைப் படிவத்தில் 'உறவு' என்ற கட்டத்தில் தோழி என்று எழுதினால் என்ன மதிப்பு?

சிங்கப்பூரின் 377ஏ சட்டப்பிரிவு ஆண்களை மட்டுமே குற்றவாளியாக்கியது. பெண்களை அது குறிப்பிடவே இல்லை. 2022 நவம்பரில் அதை நீக்க நாடாளுமன்றம் வாக்களித்தது. ஆனால் ஊடகக் கொள்கை மாறாது, இத்தகைய உள்ளடக்கத்துக்கு உயர்ந்த வயது வரம்பு தொடரும் என்று அரசு அதே ஆண்டே அறிவித்துவிட்டது. இரு அம்மாக்களிடம் வளரும் ஐந்து வயதுக் குழந்தை, தன் வீட்டைப் போன்ற ஒரு வீட்டைத் திரையில் பார்க்க இன்னும் பல ஆண்டுகள் வளர வேண்டும்.